நத்தத்திலிருந்து நியூயார்க் வரை: விஜய்குமார் போன வழி நம் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறதா?

கோரிப்பாளையம் சித்தி

எங்கள் அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இன்ஜினியரிங் வேண்டாம், ஷெஃப் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டில் தினமும் சண்டை. “கரண்டி பிடிக்கவா உன்னை இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம்” என்கிறார் அவன் அப்பா. அவனோ நியூயார்க்கில் ஷெஃப்பாக இருக்கும் நத்தம் விஜய்குமாரைக் காட்டுகிறான். 2025 ஜூனில் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி, அமெரிக்கச் சமையல் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்டு விருது வாங்கினாரே, அந்தக் காணொளியைச் சொந்தக்காரர் குரூப் எல்லாவற்றிலும் போட்டு வைத்திருக்கிறான்.

நம்ம பக்கத்துப் பிள்ளை அவ்வளவு உயரம் போனதில் எனக்கும் பெருமைதான். ஆனால் மேடை மட்டும்தான் எங்கள் கண்ணில் படுகிறது. அதற்கு முன்னால் அவர் எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார், எப்படி அங்கே போனார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். பையனை அனுப்பலாமா?

நத்தம் புளியந்தோப்பு

எனக்கும் நத்தம் பக்கம்தான். இப்போது திண்டுக்கல் மாவட்டம் என்கிறோம், 1985 வரை நாங்களும் மதுரை மாவட்டத்துக்காரர்கள்தான். அதனால் மதுரைக்காரர்கள் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.

விஜய்குமார் போனது ஒளிவுமறைவில்லாத வழி. இன்ஜினியரிங் படிக்க வீட்டில் பண வசதி இல்லை. அதனால் திருச்சியில் இருக்கும் மாநில அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் சேர்ந்தார். அப்புறம் சென்னையில் தாஜ் கன்னிமரா. அப்புறம் சொகுசுக் கப்பல். அங்கிருந்து அமெரிக்கா. சான் பிரான்சிஸ்கோவில் ‘தோசா’ என்ற உணவகத்தில் வேலை பார்த்தார். பிறகு கலிஃபோர்னியாவிலேயே பர்லிங்கேமில் ‘ரசா’வில் தலைமை ஷெஃப். அவர் இருந்தபோதே அந்தக் கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, உணவகங்களின் தரத்துக்கு உலக அளவில் பெயர்பெற்ற அங்கீகாரம் அது. 2021இல் நியூயார்க்கில் ‘செம்ம’ என்ற உணவகம் தொடங்கியது, அங்கே அவர்தான் ஷெஃப். 2022இல் அதற்கும் நட்சத்திரம். 2025இல் நியூயார்க் டைம்ஸ் அந்த நகரத்தின் சிறந்த 100 உணவகங்களைப் பட்டியல் போட்டபோது முதலிடம் செம்மவுக்கு. அதே மாதம்தான் நீங்கள் சொன்ன விருது, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த ஷெஃப் என்று.

சித்தி, உங்கள் அக்கா வீட்டுக்காரரிடம் இதை வரிசையாகச் சொல்லுங்கள். ஒரே இரவில் வந்த அதிர்ஷ்டம் எதுவும் இதில் கிடையாது. படிப்பு, பெரிய ஹோட்டல், கப்பல், வெளிநாட்டில் ஒரு கடை, இன்னொரு கடை என்று படிப்படியாக ஏறியிருக்கிறார்.

என்னை அசைத்தது அந்த நத்தைதான். எங்கள் பக்கம் மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றால் நத்தை பொறுக்கப் போவோம். அவரும் சின்ன வயதில் பாட்டியோடு வயலில் நத்தை பொறுக்கியவர். பள்ளிக்கூடத்தில் அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும், ஏனென்றால் கறி வாங்க வழியில்லாதவர்கள் சாப்பிடுவது என்று ஒரு பேச்சு. கேட்டரிங் படிக்கப் போன இடத்தில்தான் பிரெஞ்சுக்காரர்கள் நத்தையை விருந்துப் பண்டமாகச் சாப்பிடுவது அவருக்குத் தெரியவந்தது. இன்றைக்குச் செம்மவின் பட்டியலில் ‘நத்தை பிரட்டல்’ என்று நம் பெயரிலேயே இருக்கிறது. குடல் வறுவலும் அப்படித்தான். பெயரைக்கூட மாற்றவில்லை, கவனியுங்கள்.

மாசி வீதி மைந்தன்

எல்லாம் சரி. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். செம்ம அவர் தனியாகத் தொடங்கிய கடை கிடையாது. ரோனி மசும்தார், சிந்தன் பாண்டியா என்ற இருவருடைய நிறுவனம் தொடங்கியது. முன்பு ‘ராஹி’ என்ற அவர்களுடைய கடை இருந்த அதே இடத்தில்தான் செம்ம வந்தது. சமைப்பவர் ஒருவர், முதல் போடுபவர் வேறொருவர். இந்த வித்தியாசத்தைப் பையன் இப்போதே புரிந்துகொள்ள வேண்டும்.

என் அப்பா மதுரையில் மாஸ்டர். அவர் வேலை பார்த்த மெஸ்ஸின் பெயரை எழுத விரும்பவில்லை. விரால் மீன் குழம்பு வைப்பதில் அவர் கைப்பக்குவம் தனி. புளிக்கரைசலையும் மசாலாவையும் முதலிலேயே சேர்த்துக் கொதிக்கவிடமாட்டார். சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, அதில் மசாலாவைப் போட்டு, எண்ணெய் பிரிந்து விளிம்பில் ஒதுங்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் புளியை ஊற்றுவார். மதியம் ஒரு மணிக்கெல்லாம் வாசலில் ஆள் நிற்கும். போர்டில் முதலாளி படம், மெனு கார்டில் முதலாளி வீட்டுப் பாரம்பரியம் என்று கதை. பத்திரிகைக்காரர்கள் வந்தபோது அப்பாவை அடுப்படியை விட்டு வெளியே வரவிடவில்லை. முழங்கால் போய் நிற்க முடியாமல் ஆனதும் ஒரு மாதச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டார்கள். பி.எஃப். கிடையாது, ஒன்றும் கிடையாது.

விஜய்குமார் உழைத்ததைவிட அப்பா குறைவாக உழைத்தார் என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மட்டுறுத்துநர்

இதற்கடுத்து வந்த ஒரு பதிவில் சிம்மக்கல் பக்கத்துக் கடை ஒன்றின் பெயர் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். சொந்த மனக்குறையை எழுதுங்கள், கடைப்பெயர் வேண்டாம்.

வகுப்பறை எண் 9

நான் கேட்டரிங் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். மாசி வீதி மைந்தன் சொன்னதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

மிஷலின் நட்சத்திரம் உணவகத்துக்குத் தரப்படுவது. ஷெஃப் வேலையை விட்டுப் போனால் நட்சத்திரம் அவர் பின்னால் போகாது. அடுத்த வருஷம் ஆய்வாளர்கள் யாரென்று சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, பில் கட்டிப் போய்த் திரும்ப முடிவு செய்வார்கள். ஆனால் விஜய்குமார் வாங்கிய ஜேம்ஸ் பியர்டு விருது ஷெஃப் என்ற ஆளுக்குத் தரப்படுவது. 2022இல் அதே விருதைச் சிந்தன் பாண்டியா ‘தமாக்கா’ உணவகத்துக்காக வாங்கினார். அதாவது அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர் தானே அடுப்படியில் நின்று பேர் வாங்கியவர். அதனால்தான் அடுத்த ஷெஃப்பை முன்னால் நிறுத்த அவருக்கு மனம் வந்தது என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் கல்லாவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் சுவர் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிஷலின் வழிகாட்டி இந்தியாவில் இதுவரை எந்த ஊருக்கும் வந்ததில்லை. ஜேம்ஸ் பியர்டு அமெரிக்காவுக்குள் மட்டும். ஆகவே மதுரையில் கோனார் கடையில் கறி தோசைக் கல் முன்னால் நிற்பவருக்கும், அம்மா மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு வைப்பவருக்கும் இந்த இரண்டில் எதுவும் கிடைக்க வழியே இல்லை. அவர்கள் தரம் குறைந்தவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பையனுக்கு நடைமுறை விஷயம். திருச்சி துவாக்குடியில் இருப்பது மாநில அரசுக் கல்லூரி. சென்னை தரமணியில் இருப்பது மத்திய அரசுடையது, அதற்கு தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. அது மூன்று வருஷப் பட்டப்படிப்பு, நடுவில் ஹோட்டலில் பயிற்சி. தனியார் கல்லூரி என்றால் சேர்வதற்கு முன்னால் அவர்களுடைய பயிற்சிச் சமையலறையைக் கண்ணால் பாருங்கள். எத்தனை அடுப்பு, ஒரு அடுப்புக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். விளம்பரப் பலகையில் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

படித்து முடித்ததும் யாரும் ஷெஃப் ஆகிவிட மாட்டார்கள். பெரிய ஹோட்டலில் கமி 3, அதாவது உதவிச் சமையல்காரர், என்று கடைசிப் படியில் நுழைய வேண்டும். கமி 2, கமி 1, டெமி ஷெஃப், ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சி.டி.பி., தலைமை ஷெஃப்புக்கு அடுத்த சூ ஷெஃப், அதற்கும் மேலேதான் எக்ஸிக்யூட்டிவ் ஷெஃப். முதல் படியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான். என் மாணவர்களில் பாதிப்பேர் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம்.

கப்பல் கேலி

கப்பல் பற்றி நான் சொல்கிறேன். பல வருஷம் சொகுசுக் கப்பல் சமையலறையில் இருந்தேன். கப்பல்காரர்கள் அதை ‘கேலி’ என்பார்கள், அதுதான் என் பெயரிலும் இருக்கிறது.

கல்லூரியிலிருந்து நேராக எடுக்க மாட்டார்கள். பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல் அனுபவம் கேட்பார்கள். அப்புறம் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சி, கப்பல் பணியாளர்களுக்கான சி.டி.சி. என்ற பணிப்பதிவுப் புத்தகம், மருத்துவச் சோதனை, அமெரிக்கத் துறைமுகம் போகும் கப்பல் என்றால் மாலுமிகளுக்கான விசா. ஒப்பந்தம் ஆறிலிருந்து ஒன்பது மாதம். அந்த மாதங்களில் வார விடுமுறை என்ற பேச்சே இல்லை. ஏழு நாளும் வேலை, தினம் பத்து மணி நேரத்துக்குக் குறையாது.

ஆனால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான தட்டு போக வேண்டும், முதல் தட்டும் கடைசித் தட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பச்சைக் கறி வெட்டிய பலகையில் காய் வெட்டினால் அன்றைக்கே எச்சரிக்கைக் கடிதம். குளிர்பெட்டியின் வெப்பநிலையை நேரம் போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். விஜய்குமாரின் பேட்டிகளில் பாட்டி கைமணம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கைமணத்தை நியூயார்க்கில் தினமும் இரவு நிரம்பி வழியும் கடையில் பிசகாமல் கொண்டுவருவதற்கு இந்தக் கப்பல் ஒழுங்கு இல்லாமல் முடியாது. இரண்டும் சேர்ந்ததுதான் அவர்.

இடைத்தரகர்கள் விஷயத்தில் சித்தி கவனமாக இருக்க வேண்டும். கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவன் எவனாக இருந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கப்பலுக்கு ஆள் எடுக்க உரிமம் உள்ள முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் கப்பல் துறை இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சே தொடங்க வேண்டும்.

வடக்கம்பட்டி பேரன்

எல்லோரும் திருச்சி, தாஜ், கப்பல் என்கிறீர்கள். எங்கள் கள்ளிக்குடி பக்கத்து வடக்கம்பட்டி போட்ட வழியை யாரும் சொல்லவில்லையே.

1930களில் எங்கள் ஊர் சுப்பா நாயுடு காரைக்குடியில் முனியாண்டி விலாஸ் என்று ஒரு ஹோட்டல் போட்டார். அது நன்றாக ஓடவும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தென்னிந்தியா முழுக்க இன்று அந்தப் பெயரில் கடை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுடையது. பெயர் எங்கள் ஊர் முனியாண்டி சாமியுடையது, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

பையன் எப்படி முதலாளி ஆனான் தெரியுமா? பள்ளிக்கூடம் ஏறாத பையனைச் சொந்தக்காரர் கடைக்கு அனுப்புவார்கள். முதலில் இலை எடுப்பான், தண்ணீர் வைப்பான். அப்புறம் சப்ளையர். அப்புறம் அடுப்படி. கடைசியில் கொஞ்ச நாள் கல்லாவில் உட்கார வைத்துக் கணக்குப் பழக்குவார்கள். அதன்பிறகு அந்த முதலாளியே முன்னின்று வேறு ஊரில் கடை வைத்துக் கொடுப்பார். மாசி வீதி அண்ணே, உங்கள் அப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அடுப்படியிலிருந்து கல்லாவுக்குப் போகும் பாதை நம் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

தை மாதம் நாயுடுமார் திருவிழா, மாசியில் ரெட்டியார்கள் திருவிழா. ஊர் ஊராக இருக்கும் ஹோட்டல்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். இரவெல்லாம் கிடா வெட்டி, அண்டா அண்டாவாக பிரியாணி தம் போட்டு, விடியற்காலையில் சாமிக்குப் படைத்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் வாளியில் போட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு அண்டா பக்கத்தில் துடுப்பு பிடித்து நிற்பவர்களில் பலர் சொந்தமாகக் கடை வைத்திருக்கும் முதலாளிகள். சித்தி, பையனை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மாசி வீதி மைந்தன்

தம்பி சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதை சொந்தபந்தத்துக்குள் ஓடிய பாதை. வெளிச்சாதிக்காரன் மாஸ்டராகவே சாகவேண்டியிருந்தது. விஜய்குமார் சொந்தக்காரர் துணை இல்லாமல் அரசுக் கல்லூரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு போனார். எனக்கு அதில்தான் நம்பிக்கை வருகிறது.

மேடையில் அவர் பேசியதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கறுத்த பையன் இப்படி ஓர் அரங்குக்குள் வருவான் என்று நினைக்கவே இல்லை என்றார். ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று எதுவும் கிடையாது, சாப்பாடு சாப்பாடுதான் என்றார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அர்த்தம் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தல்லாகுளம் அடுப்படி

நான் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன், நானேதான் சமைக்கிறேன், கூட இரண்டு மாஸ்டர்கள். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விஜய்குமார் நியூயார்க்கில் வைத்த பட்டியலைப் பாருங்கள். நம் ஹோட்டல்களில் வழக்கமாக இருக்கும் சிக்கன் 65, பட்டர் மசாலா, நூடுல்ஸ் எதையும் அவர் தூக்கிக்கொண்டு போகவில்லை. வீட்டிலும் வயலிலும் கிடைத்ததைக் கொண்டுபோனார். நாம் மதுரையில் உட்கார்ந்துகொண்டு வடக்கத்திக் குழம்பைச் சிவப்புப் பொடி போட்டு விற்கிறோம். நத்தை இங்கே எந்த மெனுவில் இருக்கிறது? வயல் நத்தையை ஒரு நாள் தண்ணீரில் போட்டு மண் கக்க விட வேண்டும். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, முள்ளால் குத்தி ஒவ்வொன்றாகச் சதையை எடுத்து, வால் பக்கத்துக் குடலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வழவழப்புப் போக உப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம்தான் சின்ன வெங்காயமும் மிளகும். ஒரு தட்டுக்கு அவ்வளவு கைவேலை. அந்த வேலைக்கு இங்கே கொடுக்கிற விலை கட்டுப்படியாகாது, அதனால்தான் யாரும் தொடுவதில்லை. அதே கைவேலைக்கு அங்கே மரியாதை கிடைத்திருக்கிறது. அந்த மரியாதையை மதுரையில் உண்டாக்க முடியாதா என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

என்னால் முடிந்ததைத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு மாஸ்டர்களுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறேன். கரும்பலகையில் அன்றைய குழம்பு பெயருக்குப் பக்கத்தில் அதை வைத்தவர் பெயரையும் எழுதுகிறேன். சாப்பிட வருகிறவர்கள் இப்போது மாஸ்டரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நாளைக்கு வேறு கடைக்காரன் அவரைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவானே என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். போனால் போகட்டும். நல்ல சம்பளம் கிடைத்தால் அவருக்கு நல்லதுதானே.

வகுப்பறை எண் 9

அடுப்படி சார், உங்களைப் போலப் பத்துப் பேர் இருந்தால் என் மாணவர்களைச் சென்னைக்கும் துபாய்க்கும் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

சித்திக்கு ஒன்று. டிவியைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் தாமு சாரைத்தான் சொல்வேன். 2010 டிசம்பரில் ஒரு நாளுக்கும் மேலாக நிற்காமல் 617 பதார்த்தங்கள் சமைத்துக் கின்னஸில் இடம் பிடித்தவர், 2025இல் பத்மஸ்ரீ. இந்தத் தலைமுறைக்கு அவர் டிவி நடுவர். அந்த நாற்காலிக்கு முன்னால் எத்தனையோ வருஷம் ஹோட்டலிலும் வகுப்பறையிலும் நின்றவர், இந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். பையனுக்குப் பிடித்தது கேமராவா, அடுப்பா என்று முதலில் தெரிய வேண்டும். வெப்பத்தில் நின்று, கை சுட்டு, பண்டிகை நாளிலெல்லாம் வேலை பார்த்த பிறகும் திரும்பப் போகத் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கோரிப்பாளையம் சித்தி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்கா வீட்டில் உட்கார்ந்து இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். மாசி வீதி அண்ணன் தன் அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பேசாமல் இருந்தார். அப்புறம், “அந்த மாதிரி ஆகக் கூடாதுன்னுதானே நான் சொல்றேன்” என்றார். பையன், “அதுக்குத்தானே சித்தி முறையா படிக்கிறேன்னு சொல்றேன்” என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான், அப்பாவிடம் நேராகப் பேசுவதில்லை இப்போது. திருச்சிக்கு விண்ணப்பம் போட மாமா ஒத்துக்கொண்டார், தரமணி நுழைவுத் தேர்வையும் எழுதட்டும் என்றார். ஆனால் அதற்குள் ஒரு மாதமாவது எங்கேயாவது அடுப்படியில் நிற்க வேண்டும், நின்ற பிறகு பேசுவோம் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.

தல்லாகுளம் அண்ணே, உங்கள் கடையில் பையனைக் கொஞ்ச நாள் நிறுத்திக்கொள்வீர்களா? சம்பளம் எதுவும் வேண்டாம்.

தல்லாகுளம் அடுப்படி

சம்பளம் இல்லாமல் யாரையும் நான் வேலை வாங்குவதில்லை. உதவியாளுக்குக் கொடுப்பதைக் கொடுப்பேன். பதினெட்டு முடிந்துவிட்டதா என்று மட்டும் சொல்லுங்கள், ஆதார் நகல் வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வரட்டும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எதுவும் சொல்லித்தர முடியாது. பிடிமானமுள்ள மூடிய செருப்பு, பருத்திச் சட்டை. நகம் வெட்டியிருக்க வேண்டும். போனை அலமாரியில் வைத்துவிட வேண்டும். முதல் வாரம் சின்ன வெங்காயம் உரிப்பதும் மீன் கழுவுவதும்தான், இரண்டையும் பெரிய மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார். கடைக்கு வழி தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.